சந்தனப் பொட்டு வைத்த பியானோ

மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு மூடாது. அடித்து மூடினால் திறக்காது. போன வாரம் அப்படித்தான் அடித்து மூடிவிட்டு உள்ளே மாட்டிக்கொண்டேன். என் கணவர் வெளியே நின்றுகொண்டு, "இழு, நல்லா இழு" என்று கமெண்டரி சொல்கிறார். இழுத்து இழுத்துக் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அந்த மனிதர் வெளியிலிருந்து ஒரு தள்ளு தள்ளியிருந்தால் வேலை முடிந்திருக்கும். அது அவருக்குத் தோன்றுவதற்குள் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டது.

மறுநாள் செல்போனில் ஏதோ ஆப் வழியாக ஓர் ஆசாரியை வரவழைத்தார். வந்தவர் கதவைத் தொடக்கூட இல்லை. டார்ச் அடித்துப் பார்த்து, "ஊதிடுச்சு மேடம். மாத்திடலாம்" என்றார். "ஓரத்த லேசா இழைச்சு விடுங்க, போதும்" என்றேன். சேலையூரில் இந்த மழைக்கு ஊதாத கதவு எது, நீங்களே சொல்லுங்கள். "அதெல்லாம் வேலைக்காவாது மேடம், பிளாஸ்டிக் டோர் போட்ருங்க" என்று போனில் படம் காட்ட ஆரம்பித்துவிட்டார். அவரை அனுப்பிவிட்டு நானே உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தேய்க்கத் தேய்க்க அந்த வாசனை கிளம்பியது. தண்ணீர் குடித்து ஊறிப்போன மரத்துக்கென்று ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் ஈரக் கோணி, கொஞ்சம் ஆறிப்போன டீ. கூடவே சந்தனமும் மணக்கிற மாதிரி இருந்தது. குளியலறைக் கதவில் ஏது சந்தனம்? எல்லாம் என் மண்டைக்குள் இருப்பது. சந்தன வாசனை வந்தால் உங்களுக்குக் கல்யாணமோ கோயிலோ ஞாபகம் வரும். எனக்குக் கோபம் வரும். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். பள்ளியை நடத்தியவரைக் கரஸ்பாண்டென்ட் சார் என்போம். அங்கே வேலை பார்த்த பெண்கள் எல்லோரும் 'மிஸ்'. பேரன் எடுத்தவளும் மிஸ்தான். நாங்களே ஒருவரையொருவர் மிஸ் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். 'மேடம்' என்றால் அந்தக் காம்பவுண்டுக்குள் ஒரே ஒருவர், கரஸ்பாண்டென்ட் சாரின் மனைவி. தவறிப்போய் வேறு யாரையாவது மேடம் என்று கூப்பிட்டால் ஆபீஸ் ரூமில் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும்.

அந்தப் பள்ளியின் பிரேயர் ஹாலில் ஒரு பியானோ இருந்தது. கட்டடம் முன்பு யாரோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் பங்களா. இடத்தை வாங்கியபோது, தூக்கிப்போக ஆள் கிடைக்காமல் பியானோவும் கூடவே வந்துவிட்டதாகச் சொல்வார்கள். கரஸ்பாண்டென்ட் சாருக்கு அதன்மேல் பிரியமெல்லாம் கிடையாது. ஆனால் அட்மிஷனுக்கு வருகிற பெற்றோரை அந்த ஹால் வழியாகத்தான் அழைத்துப் போவார். "பியானோ சார், ஒரிஜினல்" என்று மாட்டு வியாபாரி மாட்டின் முதுகில் தட்டுவது போல ஒரு தட்டு தட்டுவார். அட்மிஷன் முடிந்துவிடும்.

அதை வாசித்தவர் பிலோமினா மிஸ். பிலோ மிஸ் என்போம். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் தங்கை குடும்பத்தோடு ஒரு போர்ஷனில் குடியிருந்தார். சின்ன வயதில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஹாஸ்டலில் வளர்ந்தவர், அங்கே கற்றுக்கொண்டது. அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள், சரி, வெளியே வந்த பிறகு பியானோவுக்கு எங்கே போவது? கட்டில் போட்டால் பீரோ போட முடியாத வீடு அது. அந்தப் பள்ளியில் பாட்டு டீச்சராகச் சேர்ந்ததே அந்த ஹாலைப் பார்த்துவிட்டுத்தான் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடம் ஆரம்பிக்க வெகுநேரம் முன்னாலேயே வந்து, வாட்ச்மேனிடம் சாவி வாங்கி, ஹாலைத் திறந்துகொண்டு தனியாக வாசிப்பார். என் கணவர் ஷிஃப்டுக்குப் போகிற வழியில் என்னை ஸ்கூட்டரில் இறக்கிவிட்டுப் போவதால் நானும் சீக்கிரம் வந்து ஹால் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவேன்.

எனக்குச் சங்கீதம் சுத்த சூனியம். ஒருநாள் சும்மா இருக்காமல் கேட்டேன், "யார் கேக்கறாங்கன்னு மிஸ் இப்படி உருகி உருகி வாசிக்கிறீங்க?"

"யாரும் கேக்கலன்னுதான் வாசிக்கறேன் மிஸ்."

"ஏன், நான் கேக்கறேனே?"

"நீங்க நோட்டு திருத்தறீங்க" என்றார். வாசிப்பதை நிறுத்தவும் இல்லை. ஏர்ஃபோர்ஸ் விமானம் தலைக்கு மேல் போனால் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு, அது போகும்வரை பொறுமையாக உட்கார்ந்திருப்பார்.

வம்பு ஆயுத பூஜையில் பிடித்தது. பள்ளி வேன், டைப்ரைட்டர், தண்ணீர் மோட்டார், பெல் அடிக்கிற தண்டவாளத் துண்டு, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம்தான். பியானோவுக்கும் மூடியின்மேல் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போவார்கள். அந்த வருடம் மேடமுக்குப் பக்தி முற்றிவிட்டது. "சரஸ்வதி வாசம் பண்றது உள்ளதானே? மூடில வெச்சா எப்படி?" என்று மூடியைத் திறக்கச் சொன்னார். சொட்டச் சொட்ட ஈரத்துணியால் துடைக்க வைத்தார். பிறகு ஒவ்வொரு வெள்ளைக் கட்டைக்கும் ஒரு பொட்டு. ஆயா அவசரத்தில் சந்தனத்தை ரசம் மாதிரிக் கரைத்திருந்தார். பொட்டு நிற்காமல் கட்டைகளின் இடுக்கில் வழிந்தது. நட்டநடுவில் இருந்த கட்டைக்கு மட்டும் விசேஷ மரியாதையாக மேடமே ஒரு கை சந்தனம் அப்பி, அதன்மேல் தண்ணீரில் நனைத்த சாமந்திப் பூவைக் கொத்தாக வைத்தார்.

பிலோ மிஸ் பதறிப்போய்விட்டார். பூஜை முடிந்து பொரிகடலை வாங்கிக்கொண்டு எல்லோரும் நகர்ந்ததும், கைக்குட்டையை எடுத்துக்கொண்டு மெல்லப் பியானோ பக்கம் போனார். மேடம் பார்த்துவிட்டார்.

"ஐயையோ மிஸ், இன்னிக்குத் தொடவே கூடாது! பூஜைல வெச்சத நாளைக்கு மறுபூஜை பண்ணிட்டுத்தான் எடுக்கணும்."

"இல்ல மேடம், ஈரம் உள்ள இறங்கிடும். மரம் கெட்டுப்போயிடும்."

"சாமிக்கு வெச்சது எப்படிக் கெடும்? உங்களுக்கு இதெல்லாம் தெரியாது மிஸ்."

அந்த 'உங்களுக்கு' என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு கிறிஸ்தவப் பெண் என்ன பேச முடியும்? கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மேடம் ஹாலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். மறுநாள் மறுபூஜை செய்ய வேண்டியவர், யாரோ உறவுக்காரர் வீட்டு விசேஷம் என்று ஊருக்குக் கிளம்பிவிட்டார். சாவியும் கூடவே போயிற்று. பின்னாலேயே லீவு, பின்னாலேயே மழை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அந்த பியானோ பூவும் பொட்டுமாக ஊறிக்கொண்டு கிடந்தது.

திறந்தபோது பூ அழுகியிருந்தது. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நடுக்கட்டை கீழே இறங்கினது இறங்கினபடி நின்றது.

அதற்குப் பெயர் எஃப் என்றார் பிலோ மிஸ். எனக்கு அது கட்டைதான். வெளியே விரல் நீளத்துக்குத் தெரிவது கொஞ்சம்தான், உள்ளே ஒரு முழத்துக்கு மரம் போகிறது. அந்த மரம் ஊறிக் காய்ந்து கோணிக்கொண்டது. பக்கத்துக் கட்டையை உரசிக்கொண்டு, அழுத்தினால் இறங்கும், தானாக எழும்பாது. நகத்தால் நெம்பித் தூக்கிவிட்டால்தான் அடுத்த தடவை சத்தம். எங்கள் பிரேயர் பாட்டில் அந்தச் சனியன் பிடித்த எஃப் வரிக்கு வரி வரும். பிலோ மிஸ் வலது கையால் வாசிப்பதும் இடது கையால் நெம்புவதுமாகத் திண்டாடினார். பிள்ளைகள் கடவுளை விட்டுவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டு பாடினார்கள்.

கரஸ்பாண்டென்ட் சார் ஒருநாள் பிரேயருக்கு வந்து இந்தக் கூத்தைப் பார்த்தார். "என்ன மிஸ், பியானோ புட்டுக்குச்சா?"

உங்கள் வீட்டம்மாவைக் கேளுங்கள் என்று என் வாய் வரைக்கும் வந்தது. பிலோ மிஸ் என் முழங்கையைப் பிடித்து அழுத்திவிட்டு, "பழசாயிடுச்சு சார்" என்றார்.

"ஆன்னுவல் டே வரைக்கும் பாப்போம். சரியாகலன்னா பழைய சாமான்காரனுக்குப் போட்டுட்டு ஒரு கீபோர்டு வாங்கிடலாம். இப்பல்லாம் பட்டனத் தட்டினா அதுவே வாசிக்குது. பி.டி. மாஸ்டரே பாத்துப்பார்."

பி.டி. மாஸ்டரே பார்த்துக்கொண்டால் பாட்டு டீச்சர் எதற்கு? அதை அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. வெளியே வந்ததும் நான் கத்தித் தீர்த்தேன். பிலோ மிஸ் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே நடந்தார். பிறகு, "வேலை போனா வேற வேலை கிடைக்கும் மிஸ்" என்றார். "பியானோவுக்கு நான் எங்க போவேன்?"

அதற்குப் பிறகு பள்ளியில் எல்லோரும் வைத்தியரானார்கள். ஹாலுக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் அந்தக் கட்டையை ஒருமுறை அழுத்துவார்கள். அது எழும்பாது. "அட, ஆமா, வரல" என்று கண்டுபிடிப்பார்கள். வராது என்று சொல்லித்தானே பார்க்கப் போனாய், பாவி? கிளார்க் சாக்பீஸ் தூளைப் போட்டார். பி.டி. மாஸ்டர் தையல் மெஷின் எண்ணெயை விட்டார். தூளும் எண்ணெயும் சேர்ந்து உள்ளே பஜ்ஜி மாவு ஆயிற்று. வேன் டிரைவர் பக்கவாட்டில் ஓங்கி இரண்டு அடி அடித்துவிட்டு, "இப்ப பாருங்க" என்றார். எல்லாவற்றுக்கும் மேலே மேடம் ஒரு நாள் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கொண்டுவந்து பியானோவில் கட்டினார். "அட்மிஷனுக்கு வரவங்க கண்ணெல்லாம் இதுமேலதான். திருஷ்டி." நான் வகுப்புக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வேப்பேரிப் பக்கம் பியானோ சரிபார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று பிலோ மிஸ் கண்டுபிடித்தார். போன் போட்டால், "தாம்பரமா? அவ்ளோ தூரம்லாம் யாருமா வர்றது?" என்பார். என்னமோ நாங்கள் திண்டிவனத்தில் இருக்கிற மாதிரி. கெஞ்சிக் கூத்தாடி ஒருவழியாக வந்தார். முன்பலகையைக் கழற்றி, கட்டையை அதன் ஆணியிலிருந்து உருவி எடுத்தார். நகத்தால் சுரண்டினார். முகர்ந்து பார்த்தார். ஹால் முழுக்கக் கேட்கிறாற்போல, "யாருங்க இதுல சந்தனத்தக் கொட்டினது?" என்றார்.

பக்கத்தில் கரஸ்பாண்டென்ட் சார். அவர் பக்கத்தில் மேடம். எதிரே நாங்கள்.

"பசங்கதான்" என்றார் மேடம், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "இந்தக் காலத்துப் பசங்க எதத்தான் விட்டு வெக்கறாங்க!"

"ஆமா மேடம், பசங்கதான்" என்றார் பிலோ மிஸ். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. வேப்பேரிக்காரர், ஒரு கட்டையை மட்டும் மாற்ற முடியாது, செட்டாக வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று சொல்லி, ஆகும் செலவையும் சொன்னார். கரஸ்பாண்டென்ட் சார் மிகுந்த மரியாதையோடு அவரை கேட் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

இனி நம் கையில்தான் என்று நான் கட்டையை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு பம்மலுக்குக் கிளம்பினேன். அங்கே அன்வர் பாய் என்று ஒரு ஃபர்னிச்சர் பட்டறைக்காரர், எங்கள் கட்டில் பீரோவெல்லாம் அவர் செய்தது. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "இன்னாம்மா அது, துணி தொவைக்கிற கட்டையா?" என்றார். ஆமாம் என்றேன். பியானோ என்று ஆரம்பித்தால் பல்லாவரம் வந்துவிடும். அந்தக் காலத்தில் பம்மலில் இறங்கினாலே தோல் பதனிடுகிற ஷாப்பு வாடை மூக்கில் ஏறும். அன்றைக்கு அது வாடையாகவே தெரியவில்லை. மூக்கு முழுக்கச் சந்தனம்தான்.

அன்வர் பாய் கட்டையை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "இன்னா மேடம், இத்தினியூண்டு கட்டைக்குப் போயி இவ்ளோ பேஜாரா? புச்சா ஒண்ணு செஞ்சிடறேன். தேக்குல."

செய்தார். ஐயா, அது பார்க்க வேண்டிய பொருள். தேக்கு, மேலே வெள்ளை சன்மைக்கா, ஓரமெல்லாம் உருட்டி, வார்னிஷ் அடித்து, ஷோகேஸில் வைக்கலாம். பியானோவில் வைக்கத்தான் முடியவில்லை. பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவில் நுழையவே இல்லை. திருப்பிக் கொண்டுபோனேன், இழைத்துக் கொடுத்தார். இப்போது நுழைந்தது. அழுத்தினால் இறங்கியது. தேக்கின் கனத்துக்கு அங்கேயே படுத்துக்கொண்டது. பழைய கட்டையாவது நெம்பினால் வந்தது, இது நெம்பினாலும் அலுத்துக்கொண்டு வந்தது.

மூன்றாம் முறை பிலோ மிஸ்ஸும் என்னோடு வந்தார். "மேல வர மாட்டேங்குது பாய்" என்றேன்.

"தேக்கு மேடம் அது! நூறு வருசம் அப்டியே இர்க்கும்!"

"அப்படியேதான் இருக்கு, அதான் கஷ்டம்."

பிலோ மிஸ் குறுக்கே வந்தார். "புதுசு வேணாம் பாய். பழைய கட்டை எங்க?"

பாய் தலையைச் சொறிந்தார். பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றினார். நாங்களும் மரத்தூளைக் காலால் தள்ளித் தள்ளித் தேடினோம். கடைசியில் பார்த்தால், மூலையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பீரோவின் காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். "வளஞ்சிகினு இருந்துதா, கரெக்டா செட் ஆயிருச்சு" என்றார் பாய்.

"எடுங்க பாய்!"

பிலோ மிஸ் கத்தி அன்றைக்குத்தான் கேட்டேன். பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த மெஷினை யாரோ நிறுத்திவிட்டார்கள். பாயே பீரோவைத் தூக்கிப் பிடிக்க, பிலோ மிஸ் குனிந்து கட்டையை உருவினார். தலைப்பால் துடைத்தார். "ஈரத்துல வளைஞ்சது. ஈரத்துணி சுத்திச் சூடு காட்டினா இளகும். நேரா வெச்சுக் கிளாம்பு போடுங்க. காயற வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

"நீங்களே எல்லாம் சொல்லிட்டா நான் இன்னாத்துக்கு?" என்று பாய் முறைத்துக்கொண்டார். ஆனாலும் வீட்டுக்குள்ளிருந்து இஸ்திரிப் பெட்டி வந்தது. பின்னாலேயே அவர் மனைவி வந்து, அடியில் கறை பிடித்தால் புதுப் பெட்டிதான் வாங்கித் தரணும் என்று பொதுவாக எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனார். கட்டையை இரண்டு ரீப்பர் சட்டங்களுக்கு நடுவில் வைத்து இறுக்கி, அலமாரிக்கு மேலே ஏற்றினார்கள். பிலோ மிஸ் சாக்பீஸால் அலமாரிக் கதவில் 'தொடாதே' என்று பெரிதாக எழுதிவிட்டு வந்தார்.

பொங்கல் லீவு முடிந்து அன்வர் பாயே கட்டையோடு மொபெட்டில் வந்தார். கோணல் போயிருந்தது. உரசுகிற பக்கத்தை உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்து, ஆணியில் மாட்டி, விரலால் தட்டினார். இறங்கியது. எழும்பியது. மறுபடி தட்டினார். எழும்பியது. "பாத்தீங்களா, டக்கு டக்குனு வருது!" என்று அந்த மனிதர் கதவு தட்டுவது போல அதையே தட்டிக்கொண்டிருந்தார். பிலோ மிஸ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பாய் கிளம்பும்வரை உட்காரவில்லை. போன பிறகு உட்கார்ந்து வாசித்தார். அன்றைக்கு மட்டும் நான் நோட்டுத் திருத்தவில்லை. என்ன வாசித்தார் என்று இப்போதும் தெரியாது. நடுவில் எங்கேயும் கை நெம்பப் போகவில்லை, அது மட்டும் தெரியும். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆன்னுவல் டே வந்தது. சிறப்பு விருந்தினர், படப்பைப் பக்கம் ரிசார்ட் வைத்திருக்கும் ஒரு பெரிய மனிதர். பியானோவை மேடைக்கு ஏற்றினார்கள், பிலோ மிஸ் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசித்தார். பிள்ளைகள் பாடினார்கள். ஓர் இடத்திலும் தடங்கல் இல்லை. கரஸ்பாண்டென்ட் சார் கைதட்டினார், மேடம் கைதட்டினார், அந்தப் பெரிய மனிதர் எழுந்து நின்றே கைதட்டினார். பிழைத்தோம் என்று நான் பிலோ மிஸ்ஸின் கையைப் பிடித்து அழுத்தினேன். அந்தப் பெரிய மனிதர் கரஸ்பாண்டென்ட் சார் காதில் ஏதோ சொன்னதையும் பார்த்தேன். பாராட்டுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரமே ஸ்டாஃப் மீட்டிங். கரஸ்பாண்டென்ட் சார் முகமெல்லாம் சிரிப்பு. "பழைய சாமான்காரனுக்குப் போட வேண்டியது. நம்ம ரெண்டு மிஸ்ஸும் மெனக்கெட்டுச் சரி பண்ணினதால நல்ல விலைக்குப் போயிருக்கு. ரிசார்ட்ல லாபில வெக்கப் போறாங்களாம். ஒரு பொருள் நல்லா ஓடிட்டு இருக்கறப்பவே குடுத்துடணும் பாருங்க. எல்லாரும் ரெண்டு மிஸ்ஸுக்கும் ஒரு கைதட்டல் குடுங்க."

கொடுத்தார்கள். நான் பொய் சொல்லவில்லை, ஸ்டாஃப் ரூம் முழுக்க எழுந்து எங்களுக்குக் கைதட்டியது. கட்டை கோணலாகவே கிடந்திருந்தால் எவன் வாங்கியிருப்பான்? பழைய சாமான்காரன்கூட இவ்வளவு கனத்தை யார் தூக்குவது என்று ஓடியிருப்பான். ஊரெல்லாம் அலைந்து, ஷேர் ஆட்டோவில் பேச்சு வாங்கி, இஸ்திரிப் பெட்டிக்கு ஏச்சு வாங்கி, நாங்களே அதை விற்பனைக்குத் தயார் பண்ணிக் கொடுத்திருக்கிறோம். பிலோ மிஸ் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொன்னார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

மினி லாரி வந்தபோது எனக்கு வகுப்பு இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிலோ மிஸ் பக்கத்திலேயே நின்று, "சாய்க்காதீங்கப்பா, நேரா புடிங்க, நேரா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் பிரேயரில் பி.டி. மாஸ்டர் கீபோர்டின் பட்டனைத் தட்டினார். கடவுள் வாழ்த்துக்கு டிஸ்கோ தாளம் வந்தது. அதை நிறுத்த எந்தப் பட்டன் என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த வருடக் கடைசியில் பிலோ மிஸ்ஸுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பெருங்களத்தூரில் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலைக்குப் போனார். நானும் அடுத்த வருடம் வேறு பள்ளிக்கு மாறிவிட்டேன். பங்களாவை இடித்துக் கண்ணாடிக் கட்டடமாகக் கட்டியிருக்கிறார்கள், பள்ளிக்குப் பெயரும் மாறிவிட்டது. பிரேயர் இப்போது ஸ்பீக்கரிலேயே வருகிறது, பிள்ளைகள் வாயை அசைத்தால் போதுமாம். அன்வர் பாயின் பட்டறை இருந்த இடத்தில் ஒரு கார் கழுவும் கடை. தோல் ஷாப்பு வாடையும் இல்லை.

போன வருடம் என் கணவரோடு வேலை பார்த்தவரின் மகள் ரிசப்ஷன், படப்பையில், அதே ரிசார்ட்டில். வாசலிலேயே இருந்தது. வெள்ளை பெயிண்ட் அடித்து, சீரியல் லைட் சுற்றி, மேலே மாப்பிள்ளை பெண் போட்டோவும் மொய்க் கவர் போடுகிற பெட்டியும் வைத்திருந்தார்கள். நான் நேராகப் போய் நடுக்கட்டையை அழுத்தினேன். இறங்கவில்லை. பக்கத்துக் கட்டையை அழுத்தினேன், அதுவும் இறங்கவில்லை. ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனேன். சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

"அமுக்காதீங்க மேடம், வராது. ஃபங்ஷனுக்கு வர்ற பசங்க தட்டித் தட்டி உயிர வாங்குதுங்க. அதான் மொத்தமா பசை ஊத்தி ஒட்டிட்டோம். இப்ப டிஸ்ப்ளேக்கு சூப்பரா இருக்குல்ல?"

சாப்பிடாமல் வந்துவிட்டேன். என் கணவர் வழியெல்லாம் பாயசம் போச்சே என்று புலம்பினார்.

பிலோ மிஸ் இப்போது தங்கை குடும்பத்தோடு ஓசூரில் இருக்கிறார். அவரிடம் சொல்லவே கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு என்றைக்கு வந்தது? மறுநாளே போன் போட்டேன். அந்த ரிசார்ட்காரன், கரஸ்பாண்டென்ட், மேடம், பி.டி. மாஸ்டர், ஒருவரையும் விடாமல் திட்டினேன். "ஒண்ணு விடாம ஒட்டிட்டாங்க மிஸ்! ஒரு கட்டைகூட அசையல!"

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அது அடங்கும்வரை அவர் பேசவில்லை.

"விடுங்க மிஸ்" என்றார். "இனிமே அதுக்கு மழைக்குப் பயமில்ல."